கொத்துவதா, மூடுவதா: காய்கறிப் பாத்திக்கு இரண்டு வழிகள்

வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சென்ட் இடம் கிடக்கிறது, காய்கறி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் மண்வெட்டியை எடுக்கச் சொல்வார்கள். முக்கால் அடி, ஒரு அடிக்குக் கொத்திப் புரட்டு, கட்டியை உடை, சாணி எருவைக் கலந்து பார் (நீள மேடு) பிடி. யூடியூபில் போய்ப் பார்த்தால் மண்ணைத் தொடவே கூடாது என்கிறார்கள். இருக்கிற புல்லின் மேல் அட்டைப்பெட்டியை விரி, அதன் மேல் மக்கு உரத்தைக் கொட்டு, அப்படியே நட்டுவிடு. இரண்டு தரப்புமே சத்தியம் செய்கிற அளவு உறுதியாகப் பேசுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் செம்மண் தோட்டங்களைப் பொறுத்தவரை, வருடம் முழுக்க எவ்வளவு மக்கு உரமும் சருகும் உங்களால் கொண்டுவந்து போட முடியும் என்பதுதான் முதல் கேள்வி. மண்வெட்டி அதற்கு அப்புறம்தான் வருகிறது. போடப் பொருள் இருக்கிறவர் தைரியமாகக் கொத்துவதை நிறுத்தலாம். பொருள் இல்லாமல் கொத்துவதை மட்டும் நிறுத்தினால் இறுகிப்போன தரையும் நான்கு கத்தரிக்காயும்தான் மிஞ்சும்.

போட்டி நியாயமாக நடக்கிறதா?

நான்கு அடி அகலம், பத்து அடி நீளத்தில் ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது சதுர அடி. கொத்தாத முறையில் களை மண்டிய இடத்தில் தொடங்குவதற்கு அரை அடி உயரம் மக்கு போடச் சொல்கிறார்கள். இருபது கன அடி. ஒரு சிமென்ட் மூட்டை 1.25 கன அடி என்பது கொத்தனார் கணக்கு. அப்படியானால் ஒரே ஒரு பாத்திக்குப் பதினாறு மூட்டை மக்கு வேண்டும்.

கொத்துகிற முறையில் என்ன போடுகிறோம்? தக்காளி, கத்தரிக்கு வழக்கமான பரிந்துரை ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம். நாற்பது சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் ஒன்பது கிலோ சொச்சம். ஒரு மூட்டைகூடத் தேறாது. ஒரு பக்கம் பதினாறு மூட்டை, இன்னொரு பக்கம் ஒரு மூட்டைக்கும் குறைவு. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் பிடித்து, 'பாருங்கள், கொத்தாத பாத்தி எப்படிச் செழித்திருக்கிறது' என்றால் செழிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பதினாறு மூட்டையையும் கொத்திய பாத்தியில் போட்டிருந்தாலும் செழித்திருக்கும்.

இதை நேர்மையாகச் செய்து பார்த்தவர் இங்கிலாந்தில் சோமர்செட்டில் இருக்கும் தோட்டக்காரர் சார்ல்ஸ் டௌடிங். 2013 முதல் அவருடைய ஹோம்ஏக்கர்ஸ் தோட்டத்தில் இரண்டு பாத்திகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவு மக்கு, ஒரே நாற்று. ஒன்றைக் குளிர்காலத்தில் கொத்தி மக்கை உள்ளே விடுகிறார். மற்றதில் மேலே பரப்புவதோடு சரி. மொத்த எடையில் கொத்தாத பாத்தி கொஞ்சம் முன்னால் வருகிறது, ஆனால் எல்லாப் பயிரிலும் அல்ல. அவர் ஊருக்கு அது நல்ல சாட்சி. ஒரு தோட்டத்தின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

வயல் அளவில் பார்த்தால் படம் மாறுகிறது. உழாத சாகுபடி பற்றி உலகெங்கும் நடந்த 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த கட்டுரை, சராசரியாக விளைச்சல் 5.7 சதவீதம் குறைவு என்றது. ஆனால் வறண்ட மானாவாரி நிலத்தில், அறுவடைக் கழிவை அங்கேயே விட்டு, பயிரையும் மாற்றி மாற்றிப் போட்டால் 7.3 சதவீதம் கூடுதல் என்றும் அதே கட்டுரை சொன்னது. இது வயல்களைப் பற்றியது. நம் கொல்லைப்புறத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உழாமல் விட்டது மட்டும் பலன் தரவில்லை, மேலே போட்ட கழிவோடு சேர்ந்தால்தான் பலன் என்பது இதிலும் தெரிகிறது.

கொத்தினால் உள்ளே என்ன நடக்கிறது

புதிதாகக் கொத்திய பாத்தியில் முதல் ஒன்றரை மாதம் பயிர் ஜோராக வரும். காற்று உள்ளே போனதும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் மக்கை வேகமாகத் தின்று, அதிலுள்ள தழைச்சத்தை விடுவிக்கின்றன. அடுப்பை ஊதிவிட்டது மாதிரி: தீ நன்றாக எரியும், விறகும் சீக்கிரம் தீரும். இங்கிலாந்துக் குளிரில் மெதுவாக நடப்பது நம் வெயிலில் மடமடவென்று நடந்துவிடும். மண்வள அட்டையில் கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று வருமே, நம் செம்மண் தோட்டங்களில் அந்த வார்த்தையைப் பார்க்காதவர்கள் குறைவு.

அப்படியென்றால் தாத்தா காலத்தில் எப்படி விளைந்தது? அகல உழுவதைவிட ஆழ உழச் சொன்னவர்கள் வீட்டில் இரண்டு மாடாவது நின்றது, கொல்லையில் எருக்குழி இருந்தது, அறுவடை முடிந்தால் ஆட்டுக்கிடை போட்டார்கள். கொத்தி எரித்ததை எரு ஈடுகட்டியது. இன்று மாடு போய்விட்டது, கிடையும் போய்விட்டது, கொத்துவது மட்டும் நிற்கவில்லை. பழைய முறை தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்கள் அதில் பாதியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த முறையை இங்கே மாற்றியாக வேண்டும்

இங்கிலாந்துக்காரர்கள் மேலே வெறும் மக்கைத்தான் பரப்புகிறார்கள். வைக்கோல் போட்டால் அந்த ஈரத்தில் நத்தை குடியேறிவிடும் என்பது அவர்கள் கவலை. நமக்குக் கவலை வெயில். மேலே திறந்து கிடக்கும் மக்கு சித்திரை வெயிலில் காய்ந்து, அப்புறம் தண்ணீர் ஊற்றினாலும் உறிஞ்சாமல் ஓரமாக வழிந்துவிடும். இங்கே மக்கு கீழே, மண்ணை மூடிவைக்கும் காய்ந்த தழை, சருகு (மூடாக்கு) மேலே என்று இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மூடாக்கு மூடாக்கு என்று சொன்னது இதைத்தான். கரும்புச் சோகை (காய்ந்த கரும்பு இலை), வைக்கோல், நறுக்கிய தென்னை ஓலை, கிளைரிசிடியா தழை, வேப்பஞ்சருகு, எது பக்கத்தில் கிடைக்கிறதோ அது. தென்னைநார்க் கழிவை மட்டும் பச்சையாகப் போட வேண்டாம். உப்பும் இருக்கும், மக்கவும் மாட்டாது, மக்கவைத்ததாக வாங்குங்கள்.

இன்னொரு வித்தியாசம், அங்கே வருடத்துக்கு ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் மக்கு போதும் என்பார்கள். நம் ஊரில் அது சில மாதங்களில் கரைந்துவிடும். மேல்மூடாக்கு அதைவிட வேகமாகப் போகும். சோகையை முழங்கால் உயரம் போட்டு, சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மண்தான் தெரியும். இந்த ஓயாத தீனியைத்தான் வீடியோக்கள் சொல்வதில்லை.

கோரை

களை என்று பொதுவாகப் பேசினால் கொத்தாத முறைதான் முன்னால் நிற்கும். சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் போன்றவற்றின் விதைகள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் புதிதாக ஒரு கூட்டம் வெளிச்சத்துக்கு வந்து முளைக்கும். புரட்டாமல் மேலே மூடிவிட்டால் இரண்டு மூன்று போகத்தில் களை வேலை நன்றாகவே குறைந்துவிடும்.

கோரை மட்டும் வேறு கணக்கு. கிழங்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரும்பாலும் மேல் அரை அடிக்குள் இருக்கின்றன. அதன் ஊசிமுனை முளை அட்டையைக் குத்திக்கொண்டு வரும். பிளாஸ்டிக் தாளையே குத்தும். அட்டை போட்டு மூடினால் புல் செத்துவிடும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள், பதினாறு மூட்டை மக்கில் கோரையை வளர்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஈர மண்ணில் கொத்தினால் இன்னும் மோசம். கோத்திருந்த கிழங்குகள் தனித்தனியாக அறுந்து, தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் முளைக்கும். ஆனால் கோடையில், மண் காய்ந்து கிடக்கும்போது கொத்திக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டுவிட்டால் கிழங்கு வெயிலில் வற்றிச் சாகும். வாரம் பத்து நாளில் மறுபடி ஒருமுறை புரட்ட வேண்டும். கோடை உழவு என்று நம் ஆட்கள் செய்ததில் இந்தக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. கோரை இருக்கும் இடத்தில் கொத்தாத முறையை நேரடியாகத் தொடங்காதீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீர்

கொத்தித் திறந்து கிடக்கும் செம்மண் நாலு முறை தண்ணீர் பாய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் களைக்கொத்தால் கிளறினால்தான் தண்ணீர் இறங்கும். மூடாக்குக்குக் கீழே இந்தத் தொல்லை இல்லை. வைகாசியில் கைவிட்டுப் பார்த்தாலும் சில்லென்று இருக்கும், பாய்ச்சும் இடைவெளியையும் தள்ளிப்போடலாம்.

ஆனால் வாய்க்கால் பாசனம் செய்கிறவர்களுக்கு மூடாக்கு எதிரி. சருகு மிதந்து வந்து மடையை அடைக்கும். சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்குக் கீழே ஓடவிட வேண்டும், இல்லையென்றால் பூவாளிதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு எந்த முறையானாலும் பாத்தி மேடாகத்தான் இருக்க வேண்டும். களிமண்ணில் தட்டையாக மூடாக்குப் போட்டு வைத்தால் மிளகாய் வேர் அழுகிவிடும்.

பயிர் பார்த்து முடிவு செய்யுங்கள்

நாற்று விட்டு நடுகிற தக்காளி, கத்தரி, மிளகாய்க்கும், பெரிய விதையாக ஊன்றுகிற வெண்டை, அவரை, கொத்தவரைக்கும் கொத்தாத பாத்தி அருமை. மூடாக்கை விலக்கி ஒரு குழி, அவ்வளவுதான்.

கீரைதான் சிக்கல். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவுகிறோம். சோகைக்கு நடுவில் அது முளைத்து மேலே வரவே வராது. கீரைக்கென்று ஒரு பாத்தியை மூடாக்கில்லாமல், மேலே சலித்த மக்கோடு வைத்துக்கொள்ளலாம். முளைத்துவரும் வரை மேலே ஓலை போட்டு எடுத்துவிட வேண்டும். அல்லது பழையபடி லேசாகக் கொத்தித் தூவலாம். ஒரு கீரைப்பாத்தியைக் கொத்துவதால் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது.

கிழங்குப் பயிர்களில் கொத்துகிறவர்களுக்குத்தான் என் ஓட்டு. சேனைக்குக் குழி எடுத்து எருவும் மேல்மண்ணும் நிரப்புவது காரணமில்லாமல் வந்த பழக்கம் இல்லை. மஞ்சள், சேம்பு, மரவள்ளி, முள்ளங்கிக்கும் பொலபொலவென்ற மண் வேண்டும். பிடுங்கும்போது எப்படியும் தோண்டத்தானே போகிறோம்.

பாகல், புடலை, பூசணியில் இன்னொரு கணக்கு. காயைத் துளைக்கும் பழ ஈயும் இலையைத் தின்னும் சிவப்பு வண்டும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கின்றன. கொடியை எடுத்ததும் கொத்திவிட்டால் மைனாவும் கோழியும் கொஞ்சம் கணக்குத் தீர்த்துவிடும். மூடாக்குக்குக் கீழே அவை சுகமாக இருக்கும். தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு வந்த இடத்துக்கும் கோடையில் புரட்டி வெயிலில் காயப்போடுவது உதவும்.

மூடாக்குக்கு என்றே வருகிற விருந்தாளிகளும் உண்டு. செம்மண்ணில் அட்டையைப் போட்டால் புல் சாவதற்கு முன்பே கரையான் அட்டையைத் தின்று முடித்துவிடும். மூடாக்கைத் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, ஈரமாக வைத்துக்கொண்டால் செடிக்குப் பெரும்பாலும் வராது. எலி, பூரான், சில இடங்களில் பாம்பு. குழந்தைகள் ஓடுகிற வீட்டில் வெறுங்கையால் சருகைக் கிளறாதீர்கள்.

உடல் உழைப்பு மிச்சம் என்பது பாதி உண்மை. கொத்தும்போது போகிற முதுகு, பதினாறு மூட்டை தூக்கும்போதும் போகத்தான் செய்யும். இரண்டாம் வருடத்திலிருந்து கொத்தாதவர் நிம்மதியாக இருப்பார் என்பது மட்டும் நிஜம். வயதானவர்களுக்கு அது பெரிய விஷயம்.

எங்கே தொடங்குவது

வீடு கட்டியபோது லாரி நின்ற இடம், ஜல்லி கொட்டிய இடம் என்றால் விவாதமே வேண்டாம். ஒருமுறை கடப்பாரை போட்டுக் கொத்திக் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். கோரை இருந்தாலும் அப்படித்தான். மண் ஏற்கெனவே விளைந்த மண்ணாக, அருகம்புல் மட்டும் இருந்தால் கொத்தாமலே தொடங்கலாம், ஓரத்திலிருந்து புல் திரும்ப ஊர்ந்து வருவதை மட்டும் அவ்வப்போது அறுக்க வேண்டும். கொத்தாத பாத்தி இடையில் இறுகியது போலத் தெரிந்தால் கடப்பாரையைக் குத்தி லேசாக அசைத்து விரிசல் விட்டால் போதும், புரட்ட வேண்டாம்.

பதினாறு மூட்டைக்கு எங்கே போவது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் காய்ந்த மண்ணைக் கொத்திப் போடுங்கள். கோடை மழை விழுந்ததும் இருக்கிற எருவைத் தூவி, சணப்பை என்ற பசுந்தாள் உரச் செடியை நெருக்கமாக விதையுங்கள். அது வளரும்போதே குழித்தட்டில் கத்தரி நாற்று விட்டுவிடலாம். நாற்பத்தைந்து நாள் வாக்கில் சணப்பை பூக்கத் தொடங்கும். பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையை அப்படியே பாத்தியில் படுக்கவையுங்கள். மண்ணுக்குள் போய் மக்க வேண்டிய வேலையை வேர் பார்த்துக்கொள்ளும், மூடாக்கை வெளியில் தேட வேண்டியதில்லை. ஆடியில் அந்தத் தழையை விலக்கி நாற்றை நட்டுவிட்டு, மண்வெட்டியைத் துடைத்து வைத்துவிடலாம்.