காஸ்ஃபோர்ட் மியூசியம்: மூணு வி-பாம்பரும் ஒரே கூரைக்குள்ள

இங்கிலாந்துல ஷ்ராப்ஷையர் பக்கம் போறவங்க காஸ்ஃபோர்ட்ல இருக்குற ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்த விட்றாதீங்க, அதுலயும் 2007ல திறந்த கோல்ட் வார் (பனிப்போர்) ஹாலுக்கு கண்டிப்பா போகணும். வேலியன்ட், வல்கன், விக்டர்னு பிரிட்டன் அணுகுண்டு தூக்குறதுக்காகவே கட்டின மூணு வி-பாம்பரையும் ஒண்ணா பாக்க உலகத்துலயே இந்த ஒரு இடம்தான். வேலியன்ட்ல முழுசா மிச்சம் இருக்குறதே இங்க நிக்கிற இது மட்டும்தான்.

உள்ள போனதும் மொதல்ல பெயின்ட்ட கவனிங்க, பாதி கதை அதுலயே இருக்கு. வேலியன்ட் முழுக்க வெள்ளை. குண்டு வெடிக்கும்போது வர்ற வெளிச்சமும் சூடும் பிளேனயே பொசுக்கிடக்கூடாதுன்னு அடிச்ச வெள்ளை அது. ஃபைட்டர் எட்டாத உயரத்துல போய் போட்டுட்டு வந்துடலாம்ங்கறதுதான் அப்ப ப்ளான். 1960 மே 1ல அதவிட உயரத்துல பறந்த அமெரிக்காவோட யு-2 உளவு விமானத்தையே சோவியத் ஏவுகணை அடிச்சு வீழ்த்திடுச்சு, அத்தோட அந்தக் கணக்கு முடிஞ்சுது. இனிமே ரேடார் கண்ல படாம தரையை ஒட்டித்தான் போகணும்னு ஆச்சு, வல்கன் மேல இருக்குற பச்சை சாம்பல் காமஃப்ளாஜ் அதுக்குத்தான். தாழப் பறக்குறப்போ காத்து போட்டு குலுக்குற குலுக்கல்ல வேலியன்ட் இறக்கையத் தாங்குற ஸ்பார்ங்குற சட்டத்துல விரிசல் விட்டு, 1965 ஜனவரியில அத்தனை வேலியன்ட்டையும் மொத்தமா ஒதுக்கிட்டாங்க. விக்டர் மண் கலர்ல நிக்கிது, பாம்பரா டிசைன் பண்ணினது கடைசில டேங்கரா மாறி 1991 வளைகுடா போர்ல மத்த பிளேனுக்கு எரிபொருள் குடுத்துச்சு.

ஏவுகணை இருக்கும்போது பாம்பர் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இதான்: ஏவுகணைய விட்டா விட்டதுதான், பாம்பர கிளப்பி விட்டுட்டு பாதி வழியில திரும்ப கூப்பிட்டுக்கலாம். அதோட எதிரி கண்ணுக்கு தெரியற மாதிரி பல ஏர்ஃபீல்டுக்கு பிரிச்சு அனுப்பினாலே அது ஒரு எச்சரிக்கை, அனுப்பாம வெச்சிருந்தா அதுவும் ஒரு சேதி. 1962 அக்டோபர்ல கியூபாவுல சோவியத் ஏவுகணை வெச்சதால வந்த நெருக்கடி உச்சத்துல இருந்தப்போ வி-பாம்பர்கள ரெடி நிலைக்கு ஏத்தினாங்க, ஆனா வெளிய தெரியற மாதிரி எதுவும் வேண்டாம்னு பிரதமர் மேக்மில்லன் பிரிச்சு அனுப்ப ஒத்துக்கல. அது ரொம்ப சரியான முடிவுன்னு நான் உறுதியா நம்புறேன், அந்த மாதிரி நாள்ல ஒரு பிளேன் இடம் மாறினாலே எதிராளி தப்பா எடுத்துக்கலாம் இல்லையா.

வல்கனுக்கு அடியில போய் நின்னு மேல பாருங்க, ஏறி இறங்குற கதவு தெரியும். அஞ்சு பேர் போற பிளேன்ல, ஆபத்துல ஆளோட வெளிய தூக்கி வீசுற இஜெக்ஷன் சீட் முன்னாடி இருக்குற ரெண்டு பைலட்டுக்கு மட்டும்தான், பின்னாடி உக்காந்திருக்குற மூணு பேரும் ஆபத்துன்னா அந்தக் கதவு வழியாத்தான் குதிக்கணும், தாழப் பறக்கும்போது அது நடக்குற காரியமே இல்ல. 1956 அக்டோபர்ல ஹீத்ரோல ஒரு வல்கன் விழுந்தப்போ, அன்னிக்கு அதுல ஆறு பேர் இருந்தாங்க, முன்னாடி இருந்த ரெண்டு பேரும் பொழச்சாங்க, மீதி நாலு பேரும் செத்துட்டாங்க. அதுக்கப்புறமும் கடைசி வரைக்கும் பின் சீட்டுக்காரங்களுக்கு அந்த சீட்ட வெக்கல, இத என்னால மன்னிக்கவே முடியல.

இன்னொண்ணு, அந்த வெள்ளை வேலியன்ட் சும்மா காட்சிப்பொருள் இல்ல. 1957 மே 15ல பசிபிக்ல மால்டன் தீவு பக்கம் பிரிட்டனோட முதல் ஹைட்ரஜன் குண்டு சோதனைக்கு குண்டு போட்டது இதே எக்ஸ்டி818தான். அந்த சோதனைகள்ல இருந்த வீரர்களுக்கு மெடல் குடுக்குறோம்னு அரசாங்கம் அறிவிச்சதே 2022லதான், அதுக்குள்ள அதுல எத்தன பேரு போய் சேந்துட்டாங்க. குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா பிளேனோட சைஸ மட்டும் காட்டாம இதையும் சொல்லுங்க.

1969ல போலாரிஸ் ஏவுகணை வெச்ச சப்மரீன், வி-பாம்பர்கிட்ட இருந்த அணுகுண்டு பொறுப்ப எடுத்துக்குச்சு, கடலுக்கு அடியில இருக்குறத யாரும் பாக்க முடியாது, இந்த மூணையும் இப்பவும் நேர்ல நின்னு பாக்கலாம். உள்ள போக காசு இல்ல, கார் பார்க்கிங்குக்கு மட்டும் உண்டு. காஸ்ஃபோர்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். மத்த ஹாலுக்கும் போகணும்னா காலையிலயே போயிடுங்க, கோல்ட் வார் ஹாலுக்கே அரை நாள் பத்தாது. என் மார்க் அஞ்சுக்கு அஞ்சு.