சீட்டை ஏற்றி இறக்க 2,500 ரூபாயா? ஒரு சைக்கிள் ஃபிட்டிங் கடையைப் பற்றி

வெளியே நின்று பார்த்தால் அடையாறு பக்கம் இருக்கும் இந்தக் கடை நமக்கானது இல்லை என்றுதான் தோன்றும். கண்ணாடிக்குப் பின்னால் லட்சக்கணக்கில் விலை போட்ட கார்பன் வண்டிகள், சுவர் முழுக்க உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கலர் ஜெர்சிகள். மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வர ஒரு சாதாரண ஹைப்ரிட் வண்டி வைத்திருக்கிறவன் உள்ளே போய் ஃபிட்டிங் (ஓட்டுகிறவரின் உடம்பை அளந்து அதற்கேற்ப வண்டியைச் சரிசெய்வது) கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற தயக்கம் இருந்தது, ஆனால் அப்படி யாரும் பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் ஓட்டுகிற ஆட்களுக்கு இங்கே நடக்கும் அளவெடுப்பு நன்றாக இருக்கிறது, காசு கொடுக்கலாம். அது முடிந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து விற்கப் பார்க்கிற பொருட்களில் பாதி நமக்குத் தேவையில்லை.

நான் போனதற்குக் காரணம் மூன்று தொல்லைகள். முட்டிக்கு முன்பக்கம் வலி, அதுவும் மேம்பாலம் ஏறும்போது. கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போவது. மூன்றாவது, உட்காரும் இடத்தில் மரத்துப் போவது, இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் சைக்கிள் ஓட்டுகிற ஆண்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் நிறையப் பேர் தலையாட்டுவார்கள்.

ஃபிட்டிங் செய்த தம்பி வண்டியைத் தொடவே இல்லை, முதலில் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். என்ன வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தா, முதுகில் பழைய அடி உண்டா, வண்டியில் போகும்போது பை தோளிலா கேரியரிலா, காலில் செருப்பா ஷூவா. அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, "அண்ணா, சிக்னல்ல ரெண்டு காலும் ஊனி நிக்கிற மாதிரி சீட் இறங்கியிருக்கு, வர்றவங்க நிறையப் பேருக்கு இதான்" என்றார்.

இது நம் ஊர்ப் பழக்கம். குரங்குப் பெடலில் ஆரம்பித்துப் பெரிய வண்டிக்கு வந்த தலைமுறைக்குக் கால் தரைக்கு எட்டுவதுதான் பாதுகாப்பு. இத்தனைக்கும் இது சைக்கிள் செய்கிற ஊர், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு ஒரு ஹெர்குலிஸோ பி.எஸ்.ஏ-வோ நின்றிருக்கிறது, ஆனால் 22 இஞ்சா 24 இஞ்சா என்று கேட்டதைத் தாண்டி ஓட்டுகிறவனின் காலை யாரும் அளந்ததில்லை. சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது, அந்த நிலையில் அழுத்தி மிதித்தால் முட்டிச் சிப்பி தொடை எலும்போடு போய் நெருக்குகிறது, வலி முன்பக்கம் வருகிறது. சீட் ரொம்ப உயர்ந்தால் பெடலைத் தொட இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், வலி முட்டிக்குப் பின்பக்கம் வரும். எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதை வைத்தே பாதி விஷயத்தை ஊகித்துவிடலாம்.

அளவெடுத்த விதம் எனக்குப் பிடித்தது. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டை வரை இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை டேப்பில் அளக்க வேண்டும். எனக்கு 80 செ.மீ. வந்தது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு ஒன்று உண்டு, இந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு 70.6 செ.மீ. அதற்கும் முன்னாலேயே, 1967-ல், இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் எழுதிய ஆய்விலிருந்து வந்த இன்னொரு கணக்கு, கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட் வரை கவட்டை அளவில் 109 சதவீதம் என்கிறது. கிராங்க்கின் நீளம் 170 மி.மீ. என்றால் இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கடைக்காரத் தம்பி இதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டார். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி, பக்கவாட்டில் வீடியோ எடுத்து, பெடல் கீழே இருக்கும்போது முட்டியின் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் வருகிறதா என்று பார்த்தார். கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு தூக்குக்குண்டும் வந்தது, முட்டிக்கு நேர் கீழே பெடல் அச்சு விழுகிறதா என்று பார்க்க.

கணக்குப்படி சீட் நாலு செ.மீ. ஏற வேண்டும். ஒரே நாளில் ஏற்றமாட்டேன் என்று இரண்டு செ.மீ. மட்டும் ஏற்றி, மீதிக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், அதற்குத் தனிக் காசு இல்லை. சிக்னலில் எப்படி நிற்பது என்று கேட்டதற்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஓட்டிக் காட்டினார்: பிரேக் பிடித்ததும் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு கால் தரையில், மறு கால் பெடலில், அந்தப் பெடல் கடிகார முள் இரண்டு மணியில் நிற்கிற மாதிரி மேலே முன்பக்கமாக, கிளம்பும்போது அதை மிதித்துக்கொண்டே மேலே ஏறுவது. வேளச்சேரி நெரிசலில் இது பழகும் வரை வியர்த்துவிடும், பழகிய பிறகு முன்னைவிட வேகமாகக் கிளம்ப முடிகிறது.

கை மரத்துப் போவதற்குக் காரணம் வேறு. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டுக்குள் ஒரு நரம்பு போகிறது, உடம்பின் பாரம் அங்கே விழுந்தால் அது நசுங்கி அந்த இரண்டு விரலும் மரக்கும். என் சீட்டின் மூக்கு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது, அதனால் உடம்பு முன்னால் சரிந்துகொண்டே இருக்க, கை தூணாக நின்று தாங்கியிருக்கிறது. மட்டப்பலகை வைத்துச் சமன் செய்தார், பிரேக் லீவரைத் திருப்பி மணிக்கட்டு மடங்காதபடி வைத்தார், டயரில் கல் மாதிரி அடைத்திருந்த காற்றையும் டயரின் பக்கவாட்டில் அச்சடித்த வரம்புக்குள் கொஞ்சம் குறைத்தார். உள்ளங்கை தாங்குகிற அகலமான கிரிப் 600 ரூபாய்க்கு வாங்கினேன், அது மட்டும் உருப்படியான செலவு.

அடுத்தது சீட். இங்கேதான் கடையின் இரண்டு முகமும் தெரிந்தது. நான் போட்டிருந்த ஜெல் கவரைக் கழற்றச் சொன்னது சரியான ஆலோசனை. மெத்தென்று இருந்தால் சுகம் என்று நினைக்கிறோம், ஆனால் உட்காரும் எலும்புகள் இரண்டும் ஜெல்லுக்குள் அமிழ்ந்துவிட்டால் நடுவில் இருக்கும் மென்மையான பகுதி அழுத்தத்தை வாங்குகிறது, நரம்பும் ரத்தக்குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. சீட்டின் அகலம் அந்த எலும்புகளைத் தாங்குகிற அளவு இருக்க வேண்டும். ஒரு நெளி அட்டையைப் பெஞ்சில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து லேசாக முன்னால் குனிந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும், அவற்றின் நடுவுக்கு நடு அளக்க வேண்டியதுதான். எனக்கு 12 செ.மீ. வந்தது, என் பழைய சீட்டே அதற்குப் போதுமான அகலம். அளந்தவரே இதைச் சொன்னார், ஆனால் கல்லாவில் இருந்தவர் 4,800 ரூபாய் சீட் ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை போல.

பேட் வைத்த ஷார்ட்ஸும் அப்படித்தான். ஈசிஆரில் மகாபலிபுரம் வரை போய் வருகிறவர்களுக்கு அது வேண்டும், எட்டு ஒன்பது கிலோமீட்டர் போய் அலுவலக பேண்டுக்குள் அதே ஈரப் பஞ்சோடு உட்கார்ந்தால் சென்னைப் புழுக்கத்தில் தொடை இடுக்கில் அரிப்புதான் மிச்சம். எலெக்ட்ரோலைட் பவுடர் டப்பா 900 ரூபாய். அரைமணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீரும், வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட மோரும் போதும். மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டித் தலை சுற்றினால் மருந்துக்கடை ஓஆர்எஸ் இருக்கிறது, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முக்கால் லிட்டர் பாட்டிலில் கலக்காதீர்கள், உப்பும் சர்க்கரையும் அளவு மீறிப் போகும்.

இன்னொரு குறை, பெண்களுக்கான ஏற்பாடு. என் தங்கையையும் அனுப்பினேன். பெண் ஊழியர் ஒருவரும் இல்லை, கவட்டை அளவை அவளே எடுத்துக்கொண்டாள், அதுவரை பரவாயில்லை. பெண்களுக்கு உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அதிகம், அவளுக்கு அகலமான சீட் உண்மையிலேயே தேவைப்பட்டது, கடையில் அந்த அளவு இருப்பில் இல்லை. எனக்கு வேண்டாத சீட்டை விற்கத் துடித்தவர்கள் அவளுக்கு வேண்டியதை வரவழைத்துத் தரக்கூட முன்வரவில்லை.

பலன்? முட்டி வலி இப்போது இல்லை. அதில் சீட்டுக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது, கனமான கியரில் மெதுவாக அழுத்துவதை விட்டு லேசான கியரில் வேகமாகச் சுற்றச் சொன்னதும் சேர்ந்துதான். கை மரப்பது ரொம்பக் குறைந்திருக்கிறது, பை தோளில் கனமாக இருக்கிற நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும். கீழே மரப்பது ஜெல் கவர் போன அன்றே போயிற்று, ஆனால் முதல் வாரம் எலும்பு வலிக்கும், அதைத் தாங்க வேண்டும். கடைசியில் ஒரு தாளில் உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள், உட்கார்ந்து எழுவது, குப்புறப் படுத்து முழங்கையில் தாங்குவது மாதிரி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை வேலைக்குப் போய்வந்தே முடித்துவிடலாம், ஆனால் அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது, சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிவிடுவதால் அந்தத் தாள் வெறும் அலங்காரம் இல்லை.

முட்டி வீங்கியிருந்தால், வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால், கையில் பிடி தளர்ந்து பாட்டில் மூடி திறக்கவே சிரமப்பட்டால் இந்தக் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம் என்றால் அதே நாளில் போங்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்றால் மேலே சொன்ன புத்தகமும் அட்டையும் ஒரு ஆலன் கீயும் வைத்து வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம், சீட் போஸ்ட்டில் இருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரிகிற அளவு மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அதற்கு மேல் ஓட்டுகிறவர்கள், வலி உள்ளவர்கள் 2,500 கொடுக்கலாம். முன்பதிவு செய்தும் முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள், அதனால் சனிக்கிழமை மாலையைத் தவிர்த்து வாரநாளில் காலையில் போங்கள். தினமும் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, லேப்டாப் பையையும் எடுத்துப் போங்கள், அதை மாட்டி ஓட்டச் சொல்லித்தான் அளப்பார்கள்.