பெர்லின் சீட்டுகளா, ஃபோக்னரா, இணையக் களஞ்சியமா?

பண்டைய எகிப்திய மொழியைப் படிக்க எந்த அகராதி உதவும்? அந்த எகிப்தியர்கள் உயிரொலிகளை எழுதவில்லை. ‘ம்ர்’ என்ற இரு மெய்கள் நோய்க்கும் உண்டு, பிரமிடுக்கும் உண்டு, கால்வாய்க்கும் உண்டு. எது எது என்று பிரித்துக் காட்டுவது சொல்லின் கடைசியில் நிற்கும் பொருட்குறி: நோய்க்குச் சிட்டுக்குருவி, பிரமிடுக்குப் பிரமிடின் படமே. ஆகவே எழுத்துருவையும் சூழலையும் காட்டாத அகராதி பாதி அகராதிதான்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் பெர்லின்காரர்கள். 1897இல் எகிப்தியவியல் அறிஞர் அடால்ஃப் எர்மான் தலைமையில் அகராதி வேலை தொடங்கியது. சுமார் 30 சொல் உள்ள ஒரு பகுதியைச் சீட்டில் எழுதி, பல படிகள் எடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்லுக்குக் குறியிட்டு, அந்தச் சொல்லின் பெட்டியில் சேர்ப்பார்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சொல் தன் வாக்கியத்தோடு கிடைக்கும். இப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 15 லட்சம் சீட்டுகள்.

அவற்றிலிருந்து பிறந்த ஐந்து தொகுதிகள் (1926–31) அவ்வளவு வசதியானவை அல்ல. பொருள் ஓரிடம், மேற்கோள் விவரம் வேறு தொகுதியில். அதுவும் 1953இல்தான் முடிந்தது. பிற்கால விரைவெழுத்தான டெமாட்டிக் சேர்க்கப்படவில்லை. சவப்பெட்டிகளில் எழுதப்பட்ட ஈமச் சமய வாசகங்களின் முழுப் பதிப்பு 1935–61இல் வந்ததால் அவற்றில் பெரும்பகுதியும் விடுபட்டுவிட்டது.

ரேமண்ட் ஃபோக்னரின் கையகராதி (1962) ஒரே தொகுதி, முழுக்கக் கையால் எழுதி அச்சிட்டது. பொருளுக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கும். மத்திய எகிப்திய மொழி (அதன் செவ்வியல் வடிவம்) படிப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதுதான். அதற்குப் பிந்தைய ராமேசியர் காலக் (கி.மு. 13–11ஆம் நூற்றாண்டு) கடிதத்தை இதை வைத்துப் படித்தால் பாதிச் சொல் கிடைக்காது. அதற்கு லெஸ்கோவின் பிற்கால எகிப்திய அகராதி வேண்டும். இன்னொரு பொறி: ‘மகன்’ என்ற சொல்லை ஃபோக்னர் ‘ஸ’வில் வைக்கிறார், ஹான்னிக் தன் ஜெர்மன் அகராதியில் ‘ஃஜ’ (z) ஒலிக்கு மாற்றிவிடுகிறார். புதியவர் ஓரிடத்தில் மட்டும் தேடிவிட்டு, சொல்லே இல்லை என்று மூடிவிடுவார்.

2004இல் இணையத்துக்கு வந்த பெர்லின்–லைப்சிக் களஞ்சியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண். எண்ணைத் தட்டினால் முழு வாக்கியங்கள் வரும். தவறு திருத்தலாம், புதிய வாசகம் சேர்க்கலாம். ஆனால் ‘ம்ர்’ போன்ற ஒன்றுக்குத் தவறான எண் கொடுத்துவிட்டால் அந்தத் தவறு தேடலில் எல்லாம் தலைகாட்டும். பல வாசகங்களுக்கு ஒலிபெயர்ப்பு மட்டுமே உள்ளது, சித்திர எழுத்து இல்லை. அங்கே சிட்டுக்குருவி இருந்ததா என்று பார்க்க, படமாக்கப்பட்ட அந்தப் பழைய சீட்டைத்தான் திறக்க வேண்டும்.