எந்த வருஷத்து மோட்ரிச்?

கிருஷ்ணகிரியில் ஜெர்சியில் பெயரும் நம்பரும் அடித்துத் தரும் கடைகள் நாலைந்தாவது இருக்கும். எல்லாக் கடையிலும் கோப்பை விற்பதுதான் முதல் வியாபாரம். கபடிப் போட்டி, பள்ளி ஆண்டு விழா என்று வருஷம் முழுக்க ஓடும். ஜெர்சி அதற்கடுத்ததுதான். நான் சொல்லவரும் கடை பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். கடைக்காரர், "பேரெல்லாம் போட்டுடாதப்பா, இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியல" என்றார். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடைக்கு வந்ததே ஒரு சூடு பட்ட பிறகுதான். போன வருஷம் வேறு ஊரில் ஒரு கடையில், ஸ்பெயின் கால்பந்து கிளப்பான ரியல் மாட்ரிட்டின் 2014 வெள்ளை ஜெர்சியில், குரோஷியாக்காரர் லூகா மோட்ரிச் பெயர் போடச் சொல்லிக் காசு கட்டினேன். வந்து பார்த்தால் முதுகில் 10. 2014-ல் அவர் போட்டிருந்தது 19. அங்கே 10 போட்டிருந்த ஹாமேஸ் ரோட்ரிகஸ் கிளம்பிய பிறகு, 2017-ல்தான் 10 அவர் கைக்கு வந்தது. கேட்டால், "மோட்ரிக்னா பத்துதானே சார்" என்று பதில். சரி, நம்பர் தப்பு, ஒட்டியதாவது நின்றதா? மூன்றாவது துவைப்பில் 1 உரிந்து, 0 மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் ஒரு மாசம் என் பெயர் 'முட்டை'.

எனக்கு அந்த 19 ஏன் முக்கியம் என்றால், அந்த வருஷம் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பை) இறுதி ஆட்டத்தை லாரி புக்கிங் ஆபீஸில் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து போனில் பார்த்தவன் நான். எதிரணி அட்லெட்டிகோ 1-0 முன்னிலை. 90 நிமிஷம் முடிந்து இஞ்சுரி டைம் ஓடிக்கொண்டிருக்கிறது. 93-வது நிமிஷத்தில் ஒரு கார்னர். மாட்ரிட்டின் ராமோஸ் தலையால் முட்டிக் கோல் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கார்னரை அடித்தது 19-ம் நம்பர். அதன்பின் எக்ஸ்ட்ரா டைமில் 4-1. முதல் சீசனில் ஸ்பெயின் பத்திரிகை ஒன்று நடத்திய ஓட்டெடுப்பில், வாங்கியதிலேயே தண்டம் என்று பெயர் வாங்கிய அதே ஆள்!

இந்தச் சந்துக் கடைக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஏழாம் வகுப்பு. எனக்கு ஒரு வெள்ளை, அவனுக்கு ஒரு குரோஷியா. "மோட்ரிச் போடணும்ணா" என்றேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "எந்த வருஷத்து மோட்ரிச்?"

நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

மேஜை டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு பக்கம். மோட்ரிச் பக்கத்தில் டாட்டன்ஹாம் 14, மாட்ரிட் 19, அப்புறம் 10, குரோஷியா 10 என்றிருந்தது. கடைசியில் வேறு மையில் மிலன் 14. 2008-ல் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்குப் போனபோது போட்ட அதே 14, 2025-ல் இத்தாலியின் மிலனில் மறுபடி வந்திருக்கிறது. நடுவே மாட்ரிட்டில் 13 சீசன், 6 சாம்பியன்ஸ் லீக். கடைக்காரர் காலேஜில் ஹாஃப், அதாவது நடு ஆட்டக்காரராக ஆடியவராம். ஃபார்வர்ட் பெயர் போட வருகிறவர்களிடம் ஜெர்சியை வீசாத குறையாகத்தான் கொடுக்கிறார். நடு ஆட்டக்காரன் பெயர் என்றால் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். இதைக் குறையாகச் சேர்ப்பதா நிறையாகச் சேர்ப்பதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேலையைச் சொல்கிறேன். மெஷின் வெட்டித் தரும் வினைல் ஷீட்டில் வேண்டாத பகுதியை ஊசியால் கிண்டி எடுக்கிறார். குரோஷியா ஜெர்சிக்குப் பெயர் வெட்டும்போது, கடைசி எழுத்துக்கு மேல் நொய்யரிசி அளவில் ஒரு சாய்ந்த கோடு தனியாக வந்தது. குப்பை என்று நினைத்து நான் ஊதிவிடப் பார்த்தேன். கையைப் பிடித்துவிட்டார். "அது இருந்தாத்தான் அவன் மோட்ரிச். இல்லன்னா உங்க ஊர் மோட்ரிக்." அந்தக் கோட்டை ஊசி முனையில் எடுத்து, எழுத்தின் தலைமேல் வைத்து, பட்டர் பேப்பர் போட்டு மூடி, ஹீட் பிரஸ்ஸை இறக்கிப் பதினைந்து எண்ணினார். வாய்விட்டுத்தான் எண்ணுகிறார். ஆறியதும் பேப்பரை ஓரத்திலிருந்து உரித்தார். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. இதுவரை எட்டுத் துவைப்பு, அதில் இரண்டு என் அம்மா கல்லில் அடித்தது. இன்னும் அசையவில்லை.

பிரஸ் சூடாகும் நேரத்தில் பையன் கேட்டான்: "மாமா, இவரு நிறைய கோல் போடுவாரா?" மாட்ரிட்டுக்காக 597 ஆட்டம், 43 கோல் என்றேன். அவன் முகம் தொங்கிவிட்டது. கடைக்காரர் விடவில்லை. ஒரு பழைய பந்தைத் தரையில் வைத்து, வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால் கோப்பை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வளைத்துத் தட்டினார். பந்து போய் கல்லாப்பெட்டிக்கு அடியில் நின்றது. 2022-ல் செல்சியோடு நடந்த காலிறுதியைத்தான் காட்டினார். சொந்த மைதானத்தில் மாட்ரிட் 0-3 பின்தங்கியிருந்தது. 80-வது நிமிஷத்தில் மோட்ரிச் இப்படித்தான் வெளிப்பாதத்தால் வளைத்துவிட்டார், ஓடிவந்த ரோட்ரிகோ பந்தைக் கீழே விழவிடாமல் அடித்தார். கணக்கில் கோல் ரோட்ரிகோவுடையது.

பையன் கேட்டது 2018 உலகக் கோப்பை ஜெர்சி. டென்மார்க்கோடு எக்ஸ்ட்ரா டைமில் பெனால்டியைக் கோட்டைவிட்டு, சற்று நேரம் கழித்து ஷூட் அவுட்டில் மறுபடி வந்து உதைத்து உள்ளே போட்டாரே, அந்த வருஷம். இறுதியில் பிரான்ஸிடம் 4-2 தோல்வி. ஆனாலும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், வருஷக் கடைசியில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டி'ஓரும் அவருக்கே. 1991 போரில் தாத்தாவைப் பறிகொடுத்து, குரோஷியாவின் ஸாடர் ஊரில் அகதிகள் தங்கிய ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைத்த பையன் அவர். உடம்பு போதாது என்று அந்த நாட்டுக் கிளப்பான ஹைடுக் ஸ்ப்ளிட் திருப்பி அனுப்பியது. என் அக்கா மகனும் வகுப்பில் முதல் வரிசையில் நிற்கும் உயரம்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. நோட்டைப் படித்து அவனே தெரிந்துகொண்டான்.

குறைகள் உண்டு. துணி திருப்பூர்க் காப்பி, ஒரிஜினல் என்று அவரும் சொல்வதில்லை. ஆனால் அளவு ஒரு நம்பர் சின்னது. எல் போடுகிறவர்கள் எக்ஸ்எல் கேளுங்கள். தொப்பை இருந்தால் அதற்கும் மேலே. அக்குளில் தையல் முரடு, முதல் நாள் உறுத்தும். குரோஷியா ஜெர்சியின் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் இடது தோள்பட்டையில் சேரும் இடத்தில் அரை விரல் விலகியிருக்கின்றன. பையன் கவனிக்கவில்லை, எனக்குப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. பில் கிடையாது. இரண்டு ஜெர்சிக்கும் பெயர், நம்பரோடு சேர்த்து ஆயிரம் ரூபாய். முன்பு ஏமாந்த கடையில் ஒன்றுக்கே எழுநூறு கொடுத்தேன்.

பெரிய குறை நாள் கணக்கு. வியாழன் என்றார், போனேன், "சனிக்கிழமை வாப்பா" என்றார். சனிக்கிழமை கடை பூட்டியிருந்தது. கையில் கிடைத்தது திங்கள் சாயங்காலம். பக்கத்து டீக்கடையில் கேட்டால், எப்போதும் அப்படித்தானாம். நாலு மணிக்கு மேல் போங்கள். வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள், சந்தில் திருப்ப முடியாது.

இப்போது பையனுக்கு மிலன் 14 வேண்டுமாம். சிவப்பு கறுப்புத் துணி இன்னும் வரவில்லை, சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை போகலாம் என்றிருக்கிறோம்.