கரோக்கேயில் ஜப்பானியப் பெண் குரல் பாடல்கள்: 'இட்டோ'வா, 'யுகி நோ ஹனா'வா, 'ஃபர்ஸ்ட் லவ்'வா?

ஜப்பானியக் கரோக்கே அறையில் பெண் பாடகியரின் மெதுநடைப் பாட்டு ஒன்றைப் பாடலாம் என்றால், பெரும்பாலும் பேச்சு இந்த நாலில்தான் வந்து நிற்கும்: நகாஜிமா மியுகியின் 'இட்டோ', நகாஷிமா மிகாவின் 'யுகி நோ ஹனா', உட்டாடா ஹிகாருவின் 'ஃபர்ஸ்ட் லவ்', கிரோரோவின் 'மிராய் எ'. நாலுமே அழகு. நாலுமே அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்தவை. கேட்பதற்கு எது உசத்தி என்பது அவரவர் ரசனை. பாடுவதற்கு என்று வந்தால் என் ஓட்டு 'இட்டோ'வுக்கு. காரணம், பாட்டின் கீழ் சுரத்துக்கும் மேல் சுரத்துக்கும் உள்ள இடைவெளி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டேம், ஜாய்சவுண்ட் என்ற இரண்டு கரோக்கே இயந்திரங்களிலும் சுருதியை மாற்றும் பொத்தான் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். உச்சம் எட்டவில்லை என்றதும் எல்லோரும் செய்வது, மூன்று நாலு படி இறக்குவது. ஆனால் இறக்கும்போது உச்சம் மட்டும் இறங்காது, சரணத்தின் அடிச்சுரமும் சேர்ந்தே இறங்கும். உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில் ஒன்றரை ஸ்தாயி தாண்டிய பாட்டு என்றால், பழகாத குரலுக்கு எந்தச் சுருதியிலும் ஒரு முனை கைவிட்டுப் போகும். பல்லவியைக் காப்பாற்றினால் சரணம் முணுமுணுப்பாகிவிடும். சரணத்தைக் காப்பாற்றினால் பல்லவியில் தொண்டை கிழியும். சுருதிப் பொத்தானால் பாட்டை நகர்த்த முடியும், சுருக்க முடியாது.

'ஃபர்ஸ்ட் லவ்' மாட்டுவது இங்கேதான். 1999-இல் வந்தது, 2022-இல் இதை வைத்தே வந்த தொடரால் மறுபடி ஒரு சுற்று ஓடியது. சரணம் மூச்சோடு கலந்த தாழ்ந்த குரல், பல்லவியில் கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ) தாவல், போதாததற்குக் கடைசிப் பல்லவி சுருதி மாறி இன்னும் மேலே ஏறுகிறது. முதல் பல்லவி சுகமாக இருக்கிறதே என்று அந்த அளவுக்கே சுருதி வைத்தவர்கள் கடைசியில் சிக்குவார்கள். பாடியே தீருவேன் என்பவர்கள் கடைசிப் பல்லவியை வாய்க்குள் பாடிப் பார்த்து, அதற்கேற்பச் சுருதி வையுங்கள்.

'யுகி நோ ஹனா' 2003-ஆம் ஆண்டுப் பாட்டு. சுருதி மாற்றத்தை விட இதில் மூச்சுதான் சிக்கல். தொடக்க வரிகள் தாழ்வாகவும் மெதுவாகவும் போவதால் காற்றை அங்கேயே செலவழித்துவிடுவோம், பல்லவியில் நீண்ட வரிகள் வரும்போது கையிருப்பு இருக்காது. முதல் வரிகளைப் பேச்சு அளவுக்குச் சத்தம் குறைத்துப் பாடினால் பாதிப் பிரச்சினை தீரும். ஏற்கெனவே கள்ளக்குரல் லேசாக வருகிறவர்களுக்கு, உண்மையைச் சொன்னால், 'இட்டோ'வை விட இது அதிகப் பலன் தரும்.

இனி 'இட்டோ'. 1992-இல் 'ஈஸ்ட் ஏஷியா' ஆல்பத்தில் வந்து, 1998-இல் சிங்கிளாகவும் வெளியானது. பிறகு பலர் மறுபடி பாடிப் பாடியே ஊரெல்லாம் பரவியது. கல்யாணங்களில் ஒலிக்காத நாள் குறைவு. பாவு நூல் நீ, ஊடை நூல் நான் என்று போகும் பல்லவியில் அறையே சேர்ந்துகொள்ளும். மெட்டு ஒரு ஸ்தாயியை ஒட்டிய எல்லைக்குள்தான் பெரும்பாலும் சுற்றுகிறது. சரணம், பல்லவி, மறுபடி சரணம், பல்லவி, அவ்வளவுதான். முதல் பாதியில் சுருதி ஒத்துவந்தால் இரண்டாம் பாதியில் அதிர்ச்சி எதுவும் காத்திருக்காது.

நகாஜிமாவின் குரல் கனத்த கீழ்க்குரல். அதனால் பெண்கள் பலருக்கு மூலச் சுருதி சரிப்படும். மெல்லிய குரல் என்றால் இரண்டு படி ஏற்றலாம். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் மூலச் சுருதி பாதாளத்துக்குப் போய்விடும். நாலு படி ஏற்றித் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது என் யோசனை. இது தொடங்கும் புள்ளிதான், குரலுக்குக் குரல் மாறும். ஸ்தாயி கீழே பாடினால் இயந்திரம் பாடி முடித்ததும் தரும் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், அது அதைச் சரியான சுரமாகவே எடுத்துக்கொள்ளும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் தொடுதிரைப் பலகையில் பாட்டை அனுப்பும்போதே சுருதியையும் குறித்து அனுப்பிவிடுங்கள். தேடும்போது ஒரு கவனம்: இந்தத் தலைப்பில் பலர் பாடிய பதிப்புகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் வேறு சுருதியில் இருக்கலாம். பாடகர் பெயரைப் பார்த்தே எடுக்க வேண்டும். நகாஜிமாவுக்கும் நகாஷிமாவுக்கும் குடும்பப் பெயரின் கான்ஜி (சீன வழி வந்த ஜப்பானிய எழுத்து) ஒன்றேதான், அதிலும் தடுமாறலாம்.

'இட்டோ'வில் கெடுவது வேறு இடம். வேகம் குறைவு என்பதால் வரி முடிவில் இழுக்கும் சுரம் மெல்லச் சரியும். இயந்திரம் இழுப்பின் நிலைத்தன்மையைத் தனியாக எடைபோடுவதால் அது உடனே திரையில் தெரிந்துவிடும். கடைசி எழுத்துக்கு முன்னால் மூச்சை மிச்சம் வையுங்கள், இழுப்பின் கடைசிப் பகுதியில் சத்தத்தைக் குறையுங்கள், சுரத்தைக் குறைக்காதீர்கள். அவசரமும் வரும், திரையில் எழுத்தின் மேல் வண்ணம் ஓடும் முன்பே பாடாமல், காலால் தாளம் போட்டுக்கொண்டு பாடினால் நிற்கும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. குறில் நெடில் பழக்கம் இருப்பதால் ஜப்பானிய நெடில்கள் தானாகவே சரியாக விழும். ஆனால் நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அங்கே 'ன்' ஒரு முழு மாத்திரை. பல இடங்களில் அதற்கென்று தனிச் சுரமே இருக்கும். முந்தைய எழுத்தோடு அதை ஒட்டிவிட்டால் அடுத்த சொல் முன்கூட்டியே வந்து நிற்கும். வரிகளைத் தமிழில் எழுதி வைத்துப் பழகுகிறவர்கள் 'இடோ' என்று எழுதாமல் 'இட்டோ' என்று ஒற்று போட்டு எழுதுங்கள், இல்லையென்றால் வல்லினம் மெலிந்துவிடும். ஆனால் பாடும்போது அந்த ஒற்றை அழுத்தக் கூடாது.

மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தால் ஊளையிடும், தண்டைப் பிடியுங்கள். எக்கோவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். இத்தகைய பாட்டில் எக்கோ கூடினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறும்.

'மிராய் எ' 1998-ஆம் ஆண்டுப் பாட்டு, ஒக்கினாவாவின் யோமிதானைச் சேர்ந்த இருவருடையது, தாயைப் பற்றியது. சொற்கள் நாலிலும் எளியவை. ஆனால் பல்லவியிலேயே தொடங்குவதால் சரணத்தில் குரலைச் சூடேற்றிக்கொள்ள வழியில்லை, அதனால் முதல் பாட்டாக இதை எடுக்க வேண்டாம். கூட்டத்தில் சீன நண்பர்கள் இருந்தால் மட்டும் என் வரிசை மாறும்: ரெனே லியூ பாடிய 'ஹோ லாய்' இதே மெட்டு என்பதால் அவர்கள் தங்கள் வரிகளோடு சேர்ந்துகொள்வார்கள். கொரிய நண்பர்கள் என்றால் அந்த இடம் 'யுகி நோ ஹனா'வுக்கு. பார்க் ஹ்யோ ஷின் பாடிய கொரியப் பதிப்பு அவர்களுக்கு மனப்பாடம்.