மணிச்சட்டம் சரி, எழுத்துச் சக்கரம் வேண்டாம்

ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க என்று கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இரண்டு சாமான்கள்: நூறு மணி கோத்த மரச்சட்டம், உயிர்மெய் சேர்க்கும் எழுத்துச் சக்கரம். முன்னதை வாங்கலாம். ஆனால் எல்லாச் சட்டமும் ஒன்றல்ல.

பத்துக் கம்பி, கம்பிக்குப் பத்து மணி. பெரும்பாலானவற்றில் ஒரு கம்பி முழுக்கச் சிவப்பு, அடுத்தது முழுக்க மஞ்சள். பார்க்க அழகு, கணக்குக்கு உதவாது. ஏழு மணியைத் தள்ளினால் ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணியே ஆக வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து ஒரு நிறம், ஐந்து வேறு நிறம் உள்ள சட்டத்தைத் தேடுங்கள். அதில் ஏழு என்பது ஐந்தும் இரண்டுமாகப் பார்த்தவுடன் தெரியும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு கம்பியிலும் பாதி மணிகளுக்கு நகப்பூச்சு அடித்துக் காயவிடுங்கள், வேலை முடிந்தது.

வாங்குமுன் சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். மணிகள் தானாக ஓடினால் கம்பி மெலிது. பிள்ளை மடியில் வைத்ததும் எண்ணிக்கை கலைந்துவிடும். கம்பி முனை மரத்துக்குள் இறுகியிருக்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள். கழன்று விழும் மணி தொண்டையில் சிக்கும், மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை உள்ள வீட்டில் கவனம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் (பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு).

நூறு வரை எண்ணச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரே கம்பி போதும். நான்கு மணியைத் தள்ளி, இரண்டு விநாடி காட்டி, துண்டால் மூடி, எத்தனை என்று கேளுங்கள். எண்ண நேரமில்லாததால் கண் கூட்டமாகப் பார்க்கப் பழகும். அடுத்து பத்தின் ஜோடிகள்: ஏழு இந்தப் பக்கம் என்றால் மீதி எத்தனை? பிறகுதான் 8+5. மேல் கம்பியில் எட்டு, கீழே ஐந்து. மேலே இரண்டைச் சேர்த்து, கீழே இரண்டைத் திருப்பி அனுப்பினால் பத்தும் மூன்றும் கண்முன் நிற்கும். 'மனசுல எட்டு, கையில அஞ்சு' என்று விரல் மடக்கும் பழக்கம் இதில்தான் விடுபடும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறில் தடுமாறாத பிள்ளை குறைவு. அப்போது ஒன்பதாம் கம்பியை முழுசாகத் தள்ளிக் காட்டுங்கள்.

எழுத்துச் சக்கரத்துக்கு வருவோம். உள்வட்டில் க, ச, ட, வெளிவட்டில் குறிகள். சுழற்றினால் கா, கெ, கொ சரியாக வரும். சிக்கல் உகர ஊகார வரிசையில். கு, சு, து மூன்றிலும் உகரம் மூன்று விதமாக ஒட்டுகிறது. மு, ரு போன்றவை ஒரு கூட்டம், பு, வு போன்றவை இன்னொன்று, நு, லு போன்றவை மற்றொன்று. ஒரே குறியைச் சுழற்றி இவற்றைக் கொண்டுவர முடியாது. 216 உயிர்மெய்யில் 36 இப்படிப் போய்விட்டால் 'மாடு', 'பாட்டு' கூட அமையாது. சக்கரத்தின் காசுக்கு வெற்று அட்டை வாங்கிக் கையால் எழுதுவது மேல்.

247 அட்டையும் ஆரம்பத்தில் வேண்டாம். க, ப, ம, ட, ர, ல, அவற்றோடு ம், ல், ஒரு துணைக்கால். இவ்வளவிலேயே படம், மரம், பால், கால், மாமா, பாடம், காகம் எல்லாம் வந்துவிடும். காகம், மாமா போன்றவற்றுக்கு ஒரே அட்டை இரண்டு முறை வேண்டும், எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுதிவையுங்கள். படம் பின்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் பசு படம் இருந்தால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமலே 'பசு' என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடும். ண, ழ, ள, ற, ன அட்டைகளுக்கு முதலெழுத்துச் சொல் தேடி மெனக்கெட வேண்டாம், பழம், பள்ளி என்று நடுவில் வருவதே போதும்.

பிள்ளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' (அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டம்) வகுப்பில் இருந்தால், அதன் கற்றல் நிலைகளான அரும்பு, மொட்டு, மலர் மூன்றில் எதில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு எத்தனை அட்டை என்று முடிவு செய்யுங்கள்.

பேட்டரி போட்டுப் பேசும் எழுத்துப் பலகையையும் கடைக்காரர் நீட்டுவார். ல, ள, ழ மூன்றையும் அங்கேயே அழுத்திக் கேளுங்கள். ஒரே மாதிரி ஒலித்தால் வாங்காதீர்கள்.