கொறோலா 121: உறுமுவது பெயரிங்கா, ரயரா?

பின் இடப்பக்க ஹப்பை, அதாவது சில்லைப் பூட்டும் பெயரிங்கோடு கூடிய நடுத்துண்டை, மாற்றிய பிறகு என் ரொயொற்றா கொறோலா 121 அமைதியாகிவிட்டது. 121இன் எஞ்சின், கியர், பெற்றோல் செலவு, ஏசி பற்றி எழுத இனி ஒன்றுமில்லை. வன்னியில் அந்தக் காரில் ஒரு தரமாவது ஏறாதவர் குறைவு. இருபது வயது தாண்டியும் எஞ்சின் ஒரு சோதனையும் தருவதில்லை. சோதனை எல்லாம் சில்லுச் சத்தத்தில்தான், அதிலும் அது எந்தச் சில்லு என்று கண்டுபிடிப்பதில்.

கராஜுக்குப் போய் "அண்ணை, சில்லுப் பக்கம் உறுமுது" என்றால், ஜக்கில் ஏற்றாமலே "பெயரிங் தம்பி" என்று பதில் வரும். பல தரம் அது சரியாகவும் இருக்கும். சரியில்லாத தரம் காசு போகும், சத்தம் போகாது. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மரத்தடியில் மண்தரையில் வேலை செய்கிறவரிடம் வண்டியை ஓட்டிப் பார்க்கவே நேரம் தராமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஆகவே கண்டுபிடிக்கிற வேலை உரிமையாளருடையது.

ரயரும் உறுமும், பெயரிங்கும் உறுமும். இரண்டும் 50, 60இல் தொடங்கி 80இல் நன்றாகக் கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நியூற்றலில் போட்டாலும் நிற்காது. நியூற்றலில் நின்றுவிட்டால் சில்லை விட்டுவிட்டு எஞ்சின், கியர்பொக்ஸ் பக்கம் போங்கள். இனி ரோட்டைக் கவனியுங்கள். ஏ9 வீதியின் வழுவழுப்பான காபெற் தாரில் வந்துகொண்டிருக்கும் வண்டி பாலத்துக் கொங்கிறீற்றில் ஏறியதும், அல்லது கல் துருத்திய பழைய தார் ரோட்டில் இறங்கியதும் சத்தத்தின் குரல் மாறுகிறதா? மாறினால் ரயர். பெயரிங் ரோட்டைப் பார்த்துச் சுருதி மாற்றாது, வேகத்தை மட்டுமே பார்க்கும்.

அடுத்தது பாரத்தை மாற்றிப் பார்ப்பது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 நேராகக் கிடக்கும் ஒரு துண்டில், முன்னும் பின்னும் வாகனமும் மாடும் இல்லாத நேரத்தில், 60இல் ஸ்ரியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலச் சில்லுகளில் விழும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கப் பெயரிங், வலம் திருப்பக் கூடினால் இடப்பக்கம். இது பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் அல்ல. உள்ளே குண்டுகள் இரண்டு வரிசை. எந்த வரிசை பழுதாகிறது என்பதைப் பொறுத்துச் சில நேரம் தலைகீழாகவும் காட்டும். முன் சில்லா பின் சில்லா என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. உங்கள் காதை மட்டும் நம்ப வேண்டாம். சத்தம் உடம்புத் தகடு வழியாக ஓடும். பின்னால் உறுமுவது சாரதி இருக்கைக்குக் கீழே கேட்கும். ஒருவரைப் பின் இருக்கையில் இருத்திக் கேட்கச் சொல்வது கொஞ்சம் உதவும்.

ரயரைச் சந்தேகித்தால் வண்டியை நிறுத்தி, ஓடுபரப்பில் உள்ளங்கையை முன்னுக்கும் பின்னுக்கும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் வாள்ப்பல் போலக் கீறினால் ரயர் படிக்கட்டுப் போலத் தேய்ந்திருக்கிறது. காரணம் அலைன்மென்ற் பிசகு, ஷொக் அப்சோபர் ஓய்ந்தது, அல்லது ஒரே சில்லை வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஓட்டியது. உறுதிப்படுத்த முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றிப் போடுங்கள். திசைக் குறி உள்ள ரயர் என்றால் அதே பக்கத்துக்குள் மட்டும். உறுமலும் இடம் மாறினால் பெயரிங்குக்குக் காசு எடுத்து வைக்க வேண்டாம். ஒரு ஜக்கும் சில்லு நட் திறப்பும் இருந்தால் முற்றத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் பெயரிங் வாங்கச் சொல்கிறவரிடம் "சில்லை மாற்றிப் போட்டுப் பார்த்தீங்களா அண்ணை?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ரயர் இல்லை என்றானால் ஜக். கிரவல் நிலத்தில் ஜக்கின் அடி புதையும். இரண்டு அங்குலப் பலகை ஒன்றைக் கீழே போட்டு, எதிர்ப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஸ்ராண்ட் இல்லாமல் கீழே கை, தலை வைக்க வேண்டாம். தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பெயரிங், மறையாவிட்டால் சில்லைத் தாங்கும் குண்டு மூட்டின் (போல் ஜொயின்ற்) பக்கம் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்ரியரிங்கோடு சில்லை இணைக்கும் ரை ரொட் எண்ட்.

ஆனால் உறுமத் தொடங்கிய பெயரிங் பல நேரம் ஆடவே ஆடாது. ஆட்டம் கடைசியில்தான் வரும், அதுவரை காத்திருக்கக் கூடாது. அதற்கு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் வழி இருக்கிறது. ஒரு கையால் அந்தச் சில்லின் ஸ்பிரிங்கைத் தொட்டபடி, மறு கையால் சில்லை வேகமாகச் சுற்றுங்கள். நல்ல பெயரிங்கில் கைக்கு ஒன்றும் தெரியாது. பழுதானதில் பொரபொரவென்று ஒரு நடுக்கம் விரலுக்கு வரும். எதிர்ப்பக்கத்தையும் அதேபோலச் செய்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். பிறேக் உரசும் சத்தத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உரசல் ஒரு சுற்றில் ஓரிடத்தில் கூடிக் குறையும், நடுக்கம் சுற்று முழுக்க இருக்கும்.

எங்கள் பக்கத்தில் இடப்பக்கம் முதலில் போவதற்குக் காரணம் இருக்கிறது. உள்ரோடுகள் ஒடுக்கம். எதிரே மண் ஏற்றிய டிப்பரோ பஸ்ஸோ வந்தால் இடச் சில்லுகள் இரண்டையும் தார் விளிம்புக்குக் கீழே இறக்கித்தான் வழி விட வேண்டும். அந்த விளிம்பில் விழும் அடி முழுக்க இடப்பக்கப் பெயரிங்குக்கும், வண்டி சரியாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பான ஸ்ரேபிலைசர் லிங்குக்கும். மழைக்காலத்தில் இன்னொரு கேடு. கார்த்திகை, மார்கழியில் குளம் வான் பாய்ந்து ரோட்டுக்கு மேலால் போகும்போது, ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் அமிழும். உள்ளே காற்று சுருங்க, வயதான சீல் தண்ணீரையும் சேற்றையும் உள்ளே இழுக்கும். உடனே ஒன்றும் தெரியாது. கிறீஸ் கெட்டு, துரு பிடித்து, மழை விட்ட பிறகுதான் உறுமல் தொடங்கும். அப்போது யாரும் வெள்ளத்தை நினைப்பதில்லை.

மற்றச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மெதுவாகப் போகும்போது "டிக், டிக்" என்று ஒரே சீராக வந்தால் எண்ணிப் பாருங்கள். 14 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீற்றர் போகும். 20 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு 3 சுற்று. சத்தமும் அதே அளவில் வந்தால் ரயரில் ஆணியோ கல்லோ ஏறியிருக்கிறது, அல்லது சில்லு நட் தளர்ந்திருக்கிறது. நட்டை உடனே பார்க்க வேண்டும், வீடு போய்ப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. கிரவல் ரோட்டில் திடீரென்று தகரம் கிழிவது போலக் கத்தினால் பிறேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் கல். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் சில்லைக் கழற்றி, திருப்புளியால் தகட்டை மெதுவாக வெளியே நெம்புங்கள். மெல்லிய கீச்சல் பிறேக் மிதித்ததும் நின்றாலோ மாறினாலோ பிறேக் பாட்டின் (டிஸ்க்கை அழுத்தும் கட்டையின்) எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்த பாட்டை மாற்றிவிடுங்கள். உள்பாட் தேய்ந்து வெளிப்பாட் அப்படியே இருந்தால் பாட்டை அழுத்தும் கலிப்பர் சறுக்கி ஓடும் ஊசி இறுகியிருக்கிறது. அதற்குச் சாதாரணக் கிறீஸ் போட்டால் றப்பர் ஊதிவிடும், பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிறீஸ்தான் போட வேண்டும். முழுதாகத் திருப்பி அக்சிலரேற்றரை மிதிக்கையில் "கட கட" என்றால் சில்லைச் சுற்றும் அச்சின் வெளி மூட்டு, அதாவது சிவி ஜொயின்ற். சில்லின் உட்பக்கம் கிறீஸ் தெறித்திருக்கும், மூட்டின் றப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் குழியில் விழும்போது "டொக்" என்று, இரண்டு சில்லும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் பேசாமல் போனால் ஸ்ரேபிலைசர் லிங்க். மழை இரவு நின்ற வண்டி காலையில் கரகரத்து, நாலு பிறேக்கோடு நின்றால் டிஸ்க்கில் படிந்த துரு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனி மாற்றும் வேலை. பின்னால் டிரம் பிறேக் உள்ள 121இல் பெயரிங் தனியாக வராது, நான்கு போல்ட்டில் நிற்கும் ஹப்பை முழுதாக மாற்றுவதுதான். அழுத்தும் இயந்திரம் (பிரெஸ்) தேவையில்லை. ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஹப் வேறு, வாங்க முன் பழையதைக் காட்டுங்கள். டிரம் கழராவிட்டால் சுத்தியலால் சாத்த வேண்டாம். ஹான்ட் பிறேக்கை விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிரம் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் இரண்டு 8 மில்லிமீற்றர் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே செம்மண் தூசி நிறைந்திருக்கும். அதை வாயால் ஊதாமல், காற்றடிக்காமல், ஈரத்துணியால் எடுங்கள். பழைய லைனர்த் தூசி மூச்சுக்கு நல்லதல்ல.

முன் பெயரிங்தான் ஆட்களைச் சாகடிப்பது. அது நக்கிளுக்குள், அதாவது முன் சில்லைத் தாங்கும் இரும்புத் துண்டுக்குள், அழுத்திப் பொருத்துவது. நக்கிளில் இறக்கும்போது வெளி வளையத்தில் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குத் தாங்கு கொடுக்க வேண்டும். தவறான வளையத்தில் அழுத்தினாலோ சுத்தியலால் அடித்து இறக்கினாலோ, குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். வண்டி கராஜை விட்டு அமைதியாகப் போகும், கொஞ்ச நாளில் திரும்ப உறுமும். பிறகு "சாமான் சரியில்லை" என்பார்கள். பிரெஸ் உள்ள கராஜ் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போனால்தான் என்றாலும் நக்கிளைக் கழற்றிக்கொண்டு போங்கள், சுத்தியலுக்கு விட வேண்டாம். ஹப்பின் நடுவில் உள்ள அக்சில் நட் 30 மில்லிமீற்றர். விளிம்பைக் குழிக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள், அதை நிமிர்த்தாமல் கழற்றினால் மரை போய்விடும். திரும்பப் பூட்டப் புது நட், 216 நியூற்றன் மீற்றர் இறுக்கம். ஒரு மீற்றர் நீளக் குழாயின் நுனியில் 22 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நட் இறுகும் வரை வண்டியின் பாரம் அந்தச் சில்லில் விழக் கூடாது.

சாமானைப் பற்றியும் கோபம் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்து சேருகிறது, அந்த வசதியில் குறையில்லை. ஆனால் கோயோ, என்எஸ்கே, என்ரிஎன் என்று நல்ல பெயரிங் கம்பனிகளின் பெயரைப் பெட்டியில் அச்சடிப்பது யாருக்கும் சுலபம். பெட்டியை விட்டுவிட்டு வளையத்தில் பொறித்த எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். கையில் சுற்றினால் கிறீஸின் கனம் தெரிய வேண்டும், கரகரப்பு தெரியக் கூடாது. விலை பாதிக்குப் பாதி என்றால் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

பெயரிங் தேய்ந்ததற்கு ரொயொற்றாவை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இருபது வருடம் கிரவலும் வெள்ளமும் தின்ற பெயரிங் அதற்கு மேல் என்ன செய்யும்? உறுதியான வண்டி, எந்தச் சந்திக் கராஜிலும் கழற்றத் தெரிந்த வண்டி, சாமான் கிடைக்காது என்ற பேச்சே இல்லாத வண்டி. அப்படியிருந்தும் இன்றைக்கு வாங்கலாமா என்று கேட்கிறவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். புதிதாக வருவதின் வரியைப் பார்த்துவிட்டுப் பழையதை விற்கிறவர் இறங்கி வர மறுக்கிறார். அந்த விலைக்கு ஒரு வண்டி எடுத்து, அதற்கு மேல் நான்கு பெயரிங்குக்கும் ரயருக்கும் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. என்னுடையதை விற்பீர்களா என்றும் கேட்கிறார்கள். விற்க மாட்டேன்.

எடுத்தே தீருவேன் என்கிறவர் ஓட்டிப் பார்க்க ஏறியதும் முதலில் பாட்டை நிறுத்தி, ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு 80 வரை போங்கள். விற்கிறவர் அப்போதுதான் நிறையக் கதைப்பார். பிறேக்கை அதிகம் பிடிக்காமல் முறிகண்டி வரை ஓட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துகிற இடத்தில் நான்கு சில்லின் நடுப்பகுதிக்கும் கிட்ட புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பெயரிங்கோ ஒட்டிய பிறேக்கோ இருக்கிறது. கச்சான் வாங்க முன் விலையைத் திரும்பப் பேசுங்கள். வாங்கிய பிறகு எந்தச் சில்லைக் கழற்றிப் பூட்டினாலும் எல்லா நட்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக 103 நியூற்றன் மீற்றருக்கு இறுக்குங்கள், அரை மீற்றர்க் கைபிடியில் 21 கிலோ இழுவை. 100 கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு தரம்.